மரித்தோர் பெட்டியில் ஒரு பெயர்

உபதேசியார் சவரிநாதன் எதையும் நிறுத்தி வாசிக்கிறவர் இல்லை. தூறல் விழுந்ததும் களத்தில் காயும் மக்காச்சோளத்தை எப்படி வாரி அள்ளுவார்களோ, அப்படித்தான் பெயர்களை வாசிப்பார். நவம்பர், மரித்த ஆன்மாக்களின் மாதம். அந்த மாதம் முழுக்க ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிப் பீடத்தின் முன்னால் இருக்கும் பெட்டியில் போடும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் உபதேசியார் அவற்றை மைக்கில் வாசிப்பார். வாசித்து முடித்ததும் கோயில் முழுவதும் ஒரே குரலில் அவர்களுக்காக நித்திய இளைப்பாற்றி, அதாவது முடிவில்லாத ஓய்வு, கேட்கும்.

யாரும் எல்லாப் பெயரையும் கேட்பதில்லை. தங்கள் வீட்டுப் பெயர் வரும்வரை காதைத் தீட்டி வைத்திருப்பார்கள். வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு மனதை வேறெங்கோ விட்டுவிடுவார்கள். வெற்றிச்செல்வியும் அப்படித்தான். "ஆரோக்கியம்" என்று அப்பாவின் பெயர் வந்தது. நெற்றியைத் தொட்டுக்கொண்டாள். பிறகு அவள் மனம் வழக்கம்போலக் கடலுக்குப் போய்விட்டது. பத்தொன்பது நாளாக அது அங்கேதான் கிடந்தது.

பட்டியல் முடிந்தது. கோயில் பதில் சொன்னது. அவள் வாயும் சொன்னது. சொல்லி முடித்து, பின்வரிசையில் யாரோ "ஐயோ" என்று மூச்சுக்குள் முனகியது கேட்ட பிறகுதான், கடைசிக்கு முந்தைய பெயர் அவளுக்குள் வந்து சேர்ந்தது.

இன்னாசிமுத்து.

அவளுடைய ஒரே மகன். இருபத்து நான்கு வயது. பெரம்பலூரில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரு சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறவன். சண்டை நடக்கிற கடல்பக்கம் போகிறோம், ஒரு வாரம் டவர் இருக்காது, பயப்படாதே, தூக்கம்தான் இல்லை என்று போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தான். அதன்பிறகு ஒன்றும் இல்லை. சென்னையில் இருந்த ஏஜெண்ட் தினமும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்: தொடர்பு கிடைக்கலம்மா.

உயிரோடு இருக்கிறானா என்பது யாருக்கும் தெரியாத பிள்ளைக்கு, அவளுடைய வாயே இப்போது இளைப்பாற்றி கேட்டிருந்தது. உதட்டைக் கையால் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன ஆகப்போகிறது? போன சொல் போய்விட்டது.

பூசை எப்படி நடந்தது, எப்போது முடிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே வந்தபோது அண்ணன் மனைவி கலையரசி உபதேசியாரை வழிமறித்து நின்றிருந்தாள்.

"எந்தக் கட்டையில போறவன் செஞ்ச வேல இது? உசுரோட இருக்கற புள்ளைய செத்தவங்களோட சேத்துப் படிக்கிறீங்களே, உங்க கண்ணு என்னா புடனியிலயா இருக்கு?"

"பொட்டியில இருந்தத படிச்சேம்மா. நானா எழுதி வெச்சேன்? ஓட்டத்துல வந்துடுச்சு."

"ஓட்டமாம் ஓட்டம். பஸ்ஸப் புடிக்கவா ஓடறீங்க? கொண்டாங்க அந்தச் சீட்ட."

உபதேசியார் உள்ளே போய்ச் சீட்டைக் கொண்டுவந்து, கலையரசியிடம் தராமல் வெற்றிச்செல்வியிடம் நீட்டினார். சுண்ணாம்புக்கல் லாரி நடைக்குக் கொடுக்கிற டிரிப் சீட்டின் பின்பக்கம். பென்சிலால், காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது: இன்னாசிமுத்து. கப்பலில்.

அந்த அழுத்தம் அவளுக்குத் தெரியும். இருபத்தைந்து வருடமாகத் தெரியும். கோயில் வாசலின் வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தாள். மரத்தடியில் அவள் கணவன் செல்லமுத்துவும் இல்லை, அவனுடைய எக்ஸெல் வண்டியும் இல்லை. ஒலிபெருக்கி மரத்தின் நேர்மேலேதான் கட்டியிருந்தது. கேட்டிருப்பான்.

செல்லமுத்து குன்னத்துப் பக்கம். அவளைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கியவன். கோயில் புத்தகத்தில் அவன் பெயர் சூசை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஞாயிறுதோறும் அவளை வண்டியில் கொண்டுவந்து விடுவான். பூசை முடியும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். உள்ளே வரச் சொன்னால், "ஞானஸ்நானத்துக்கு ஒரு நாளு, கல்யாணத்துக்கு ஒரு நாளு, பையனுக்குத் தண்ணி ஊத்தறப்ப ஒரு நாளு. மூணு தடவ வந்தாச்சு. போதாதா ஒங்க சாமிக்கு?" என்பான். சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டுகிறவன். கைநிறைய வேலை, வாய்நிறைய கேலி. அவன் கும்பிட்டு அவள் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு சீட்டு எழுதியிருக்கிறான். யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கோயிலுக்குள் போயிருக்கிறான். பீடத்தின் முன்னால் பெட்டி இருக்கும், அதில் எழுதிப் போடுவார்கள் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லக் கேட்டிருக்கிறான். ஆனால் அவள் சொன்னது உயிரோடு இருப்பவர்களுக்காக வேண்டிப் போடுகிற விண்ணப்பப் பெட்டி. நவம்பர் பிறந்தால் அதை மாதா சிலை இருக்கிற கெபிக்கு நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் கறுப்புத் துணி போர்த்திய மரித்தோர் பெட்டியை வைப்பார்கள். ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அது தெரியும். அவனுக்குத் தெரியாது.

பங்குச்சாமியார் வெளியே வந்தார். சின்ன வயது; இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. "மன்னிச்சுக்கங்கம்மா. அடுத்த வாரம் அந்தப் பேர எடுத்துடுவோம்" என்றார். அவள் சீட்டை அவர் கையில் கொடுத்தாள். அவளுக்குக் கோபம் உபதேசியார்மேல் இல்லை, சாமியார்மேல் இல்லை. எந்தப் பெட்டி என்று கேட்கத் தெரியாதவன்மேல்.

வீட்டுக்கு நடந்தே போனாள். அடுப்பு பற்ற வைக்கவில்லை. மாதா படத்தின் முன்னால் உட்கார்ந்து செபமாலையை எடுத்தாள். இந்தப் பத்தொன்பது நாளில் அவள் சொன்ன மணிகளுக்கு அளவே இல்லை. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு கிண்டும்போதும் உதடு அசைந்துகொண்டேதான் இருந்தது. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை பட்டினி. ஆனால் அவளுக்கே தெரியும், அது செபமில்லை. பூட்டிய கதவை உலுக்குவது. திற, திற, திற. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கவும் அவளுக்கு நேரம் இல்லை; உலுக்குவதை நிறுத்தினால் மகன் முழுகிவிடுவான் என்று ஒரு பயம்.

இன்று முதல் மணியைப் பிடித்ததுமே வாய் பூட்டிக்கொண்டது. காலையில் இதே வாய்தானே.

மூன்று மணி ஆகியும் செல்லமுத்து வரவில்லை. போன் எடுக்கவில்லை. கலையரசி வந்து எட்டிப் பார்த்தாள். "ஒங்க வூட்டுக்காரரு வண்டி பழைய மைன்ஸ் கரையில நிக்கிதாம். ஆடு மேய்க்கிறவங்க சொன்னாங்க. என்னா செல்வி, அங்க தண்ணி ரொம்பிக் கெடக்குதே..."

அவள் முடிப்பதற்குள் வெற்றிச்செல்வி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பழைய சுரங்கம் ஊருக்கு வடக்கே ஒரு மைல். கல் தீர்ந்துபோனதால் விட்டுவிட்ட பள்ளம். இந்த வருடம் ஐப்பசி மழை நன்றாகப் பிடித்திருந்தது. சோளக் கொல்லை வரப்பெல்லாம் சறுக்கியது. ஓடினாள். மகனுக்காகப் பயந்து பயந்து தேய்ந்துபோன நெஞ்சில், புருஷனுக்காகப் பயப்பட இன்னும் இடம் இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கரையில் எக்ஸெல் நின்றிருந்தது. லாரிகள் இறங்கிய பழைய மண்பாதையில் கால் பதிய இறங்கினாள். இத்தனை வருடத்தில் அவள் இந்தப் பள்ளத்துக்குள் இறங்கியதே இல்லை.

கீழே பச்சையாகத் தண்ணீர். தண்ணீருக்கு இந்தப் பக்கம், வெட்டிய சுவரின் அடியில், கோயிலுக்குப் போட்டுவந்த வெள்ளைச் சட்டையோடு அவன் குந்தியிருந்தான். உயிரோடு இருந்தான். அது தெரிந்ததுமே, வழியெல்லாம் பயத்துக்கு அடியில் கிடந்த கோபம் மேலே வந்தது.

"ஏங்க, வாயில என்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? எந்தப் பொட்டினு ஒரு வார்த்த கேக்கத் தெரியாதா?"

அவன் எழுந்திருக்கவில்லை. "கேட்டா சிரிப்பாங்க புள்ள. இருவத்தஞ்சு வருசமா மரத்தடியில குந்திக்கிட்டுக் கேலி பேசிட்டு, இப்ப மட்டும் என்னானு."

"கறுப்புத் துணி போத்தியிருந்துதே, அதுகூடவா தெரியல?"

"தெரிஞ்சுது. பண்டிகைக்கு வெச்சிருக்காங்க போலனு நெனச்சேன்."

"பண்டிகைக்குக் கறுப்பா?"

"எனக்கு என்னா தெரியும்? ஒங்காளுங்க எதுக்கு எத கட்டுவாங்கனு யாரு கண்டா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சிரிப்பாகத் தொடங்கி எங்கேயோ வழியில் அழுகையாக மாறிற்று. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். அவன் பக்கத்தில் வரவில்லை. அவனுக்கு அழுகிறவர்களைத் தேற்றத் தெரியாது. "அடிக்கணும்னா அடிச்சிரு" என்று மட்டும் சொன்னான்.

அழுது ஓய்ந்து கண்ணைத் துடைத்தபோதுதான், கை எதன்மேல் இருக்கிறது என்று பார்த்தாள்.

கிளிஞ்சல் அவளுக்குப் புதிதில்லை. அந்த ஊரில் வீட்டுக்கு அடிக்கிற மண்ணிலேயே கல்லாய்ப்போன கிளிஞ்சல் வரும். அங்கன்வாடிப் பிள்ளைகள் அதை வைத்துச் சொப்பு விளையாடும். ஆனால் ஒன்று இரண்டாகத்தான் பார்த்திருக்கிறாள். இது சுவர். மூன்று ஆள் உயரம். பள்ளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, கல்லே இல்லை என்று சொல்லும்படி, கிளிஞ்சல்மேல் கிளிஞ்சல். உள்ளங்கை அகலம் சில, குழந்தையின் நகம் அளவு சில. மழை கழுவிவிட்டிருந்ததால் ஒவ்வொன்றின் வரியும் தெரிந்தது. சாய்ந்த வெயில் அந்த வரிகளுக்குள் புகுந்து நின்றது. எண்ண முயன்றாள், கண் நகர்ந்த இடமெல்லாம் புதிதாக இன்னும் இன்னும் வந்துகொண்டே இருந்தன. வாய் திறந்தபடி நின்றாள்.

"எல்லாம் வாய மூடிக்கிட்டுக் கெடக்குது பாரு" என்றான் செல்லமுத்து, அவள் பார்ப்பதைப் பார்த்து. "உசுரோட இருந்தப்ப எப்புடி மூடிச்சோ, அப்புடியே. வெடி வெச்சு இந்தச் செவுரு மொதல்ல தெறந்த அன்னிக்கு நான்தான் வண்டியில இருந்தேன். வண்டிய நிறுத்திப்புட்டேன். மேஸ்திரி திட்டறான், எனக்குக் காதுல விழல. பின்னாடி காலேஜு வாத்தியாரு ஒருத்தரு பசங்களக் கூட்டியாந்தாரு. இது பூரா கடலு, கோடி வருசத்துக்கு முந்தினு சொன்னாரு. கோடிங்கறாரு புள்ள. நம்ம வூட்டு அடுப்படிக்குக் கீழயும் கடலுதான்."

அவள் காலுக்கடியில் கிடந்த மண்ணைக் குனிந்து பார்த்தாள்.

"அம்மாம் வருசம் இதுங்கள யாரு பாத்தா? ஒருத்தரும் இல்ல. இருட்டுல கெடந்துச்சு. ஆனா ஒண்ணுகூட ஒடையாம வெச்சிருக்கு பாரு. யாரோ பாத்துக்கிட்டுத்தானே இருந்திருக்கணும்?" அவன் குரல் கொஞ்சம் கூச்சப்பட்டது. "எனக்குக் கோயிலுக்குள்ள வந்தா வாய் வராது செல்வி. இங்க வந்தா வரும்."

"எத்தன நாளா வறீங்க?"

"பையன் கப்பலுக்குப் போனதுலேருந்து. ஷிப்டு முடிஞ்சு."

இரண்டு வருடம். டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வருகிறான் என்று அவள் திட்டிய இரண்டு வருடம்.

"வந்து என்னா கேப்பீங்க?"

"என்னத்தக் கேக்கறது? இங்க இருந்த தண்ணியும் ஒன்னோடதுதான், அவன் போற தண்ணியும் ஒன்னோடதுதான், பாத்துக்கனு சொல்லுவேன். எந்திரிச்சுருவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதுக்குமேல என்னா இருக்கு?"

அவள் சுவருக்கு இன்னும் கிட்டே போய் ஒரு கிளிஞ்சலைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. கடல் என்றால் அவளுக்கு இத்தனை நாளும் ஒரு எதிரி. எங்கோ தூரத்தில் வாயைத் திறந்துகொண்டு மகனை வைத்திருக்கிற ஒன்று. அந்தக் கடலின் அடியில்தான் அவள் பிறந்திருக்கிறாள், சமைத்திருக்கிறாள், பிள்ளை பெற்றிருக்கிறாள். அதை ஏந்தி வைத்திருந்த கை அதை மெல்ல வடித்துவிட்டு, அது நின்ற இடத்தில் சோளம் விளைய வைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய கையிடம் போய், திற, திற என்று பத்தொன்பது நாளாக அவள் உலுக்கிக்கொண்டிருந்தது எந்தக் கதவை?

உயிருள்ளவர்களுக்கு ஒரு பெட்டி, செத்தவர்களுக்கு ஒரு பெட்டி என்று வைத்தது மனிதர்கள்தான். இந்தச் சுவரில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். இருந்தவை, இல்லாதவை எல்லாமே ஒரே உள்ளங்கைக்குள் கிடந்தன. ஒன்றும் தொலையவில்லை.

மகன் உயிரோடு இருக்கிறான் என்று அவளுக்குள் எந்தக் குரலும் சொல்லவில்லை. அதை அவள் பிறகும் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள், சொல்லவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் அதுவரை பயத்துக்குள் அவள் இருந்தாள். இப்போது பெரிய மேய்ச்சல் காட்டில் ஒற்றைக் கன்று நிற்பதுபோலப் பயம் ஓர் ஓரமாக நின்றது. காடு அதைவிட ரொம்பப் பெரிதாக இருந்தது. இறுகப் பிடித்திருந்த விரல்கள் தாமாக விரிவதை உணர்ந்தாள். பிள்ளையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பது தான் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒருநாளும் தானாக இருந்ததில்லை.

முட்டி போட வேண்டும்போல இருந்தது. சேறு என்றும் பாராமல் போட்டாள். செல்லமுத்து பதறி, "ஏ, சேலையெல்லாம் போச்சு" என்றான். பிறகு, என்ன தோன்றியதோ, அவனும் வேட்டியை மடித்துக்கொண்டு எழுந்துவந்து பக்கத்தில் குந்தினான்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "எளப்பாத்திதானே கேட்டாங்க அம்மாம் பேரும். இன்ஜினு சூட்டுல தூங்காம நிக்கறவனுக்கு அதுவும் வேண்டியதுதான்."

"பேசாம இருங்க" என்றாள். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் மாலை சாமியார் வீட்டுக்கே வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பேர எடுத்துட்டு மாதா பெட்டியில போடச் சொல்லிட்டேன்மா" என்றார்.

"வேணாம் ஃபாதர். இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

அவர் செல்லமுத்துவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "ஜனங்க ஏதாவது பேசுவாங்களே."

"பேசட்டும் ஃபாதர். அவரு மொதமொத எழுதிப் போட்டது. எந்தப் பொட்டியில கெடந்தாலும் அத எடுத்துப் படிக்கறவரு ஒருத்தருதானே."

சாமியார் எழுந்தார். போகும்போது செல்லமுத்துவின் கையைப் பிடித்துக் கொஞ்சநேரம் வைத்திருந்தார். செல்லமுத்து கூச்சத்தில் நெளிந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வந்தது. செல்லமுத்துவுக்கு அன்று மதிய ஷிப்டு. சாப்பாட்டுத் தூக்கைக் கட்டிக்கொண்டிருந்தான். கலையரசி முருங்கைக்கீரை கொண்டுவந்து வாசலில் நின்றாள். ஏஜெண்டின் குரல் ஸ்பீக்கரில் இரைந்தது. கப்பல் எங்கே என்று தெரிந்துவிட்டது. ஒரு துறைமுகத்தில் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆட்கள் கப்பலுக்குள்தான் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

"மாதாவே!" என்று கலையரசி கீரையைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள். "பாத்தியா செல்வி, வேண்டுதலு வீண்போகல. நான் சொல்லல?"

"ஆளுங்கள யாரு சார் பாத்தது?" என்று கேட்டான் செல்லமுத்து.

"நேர்ல யாரும் பாக்கலங்க. சொல்றாங்க, அவ்வளவுதான்."

"எப்ப விடுவாங்க?"

"தெரியலைங்க. நாளாகலாம், மாசமாகலாம். பெரிய எடத்துல பேசிட்டு இருக்காங்க."

ஞாயிறுவரை பத்தொன்பது நாள் போனை வெறித்துக்கொண்டு, மணி அடித்தால் செல்லமுத்துவிடம் தள்ளிவிட்டு ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றவள் வெற்றிச்செல்வி. இப்போது அவன் கையிலிருந்து அதை வாங்கினாள். "சரிங்க சார். நாளைக்கும் கூப்புடுங்க. ஒண்ணும் தெரியலனாலும் கூப்புடுங்க" என்றாள். குரல் சமமாக வந்தது. செய்தி கொடுத்த நிம்மதி இல்லை இது என்று அவளுக்குத் தெரியும். இது ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. செய்தி இதன்மேல் வந்து உட்கார்ந்தது. வேறு மாதிரிச் செய்தி வந்திருந்தாலும் அதுவும் இதன்மேல்தான் வந்து உட்கார்ந்திருக்கும். அந்த நினைப்பு அவளை நடுக்கியது. நடுக்கினாலும் கீழே தள்ளவில்லை.

செல்லமுத்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். "யாரும் பாக்கலங்கறான் புள்ள" என்றான். "நான் பள்ளத்துக்குப் போயிட்டு வந்துடறேன்."

"மழ கொட்டுது. பாத சறுக்கும். இங்கயே சொல்லுங்க."

"இங்கயா? இங்க வாய் வராதே."

"வராட்டி போவுது. உக்காருங்க."

மாதா படத்தின் முன்னால் அவள் பாய் விரித்தாள். அவன் தூக்கைக் கீழே வைத்தான். தலையில் மாட்டியிருந்த வேலைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கலையரசியும், நடப்பது என்ன என்று புரியாமல், முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் முட்டி போட்டாள். ஓட்டில் மழை விழுகிற சத்தம் மட்டும். அவன் தொண்டையைச் செருமினான். படத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான், அதற்குக் கீழே இருக்கிறதைப் பார்க்கிறவன்போல.

"யப்பா" என்றான். "அங்கதான் இருக்கானாம். பாத்துக்க."

வெற்றிச்செல்வி காத்திருந்தாள். அதற்குமேல் வரவில்லை. தன் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளில் இதோடு சேர்க்க ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

கலையரசி ஒரு கண்ணைத் திறந்தாள்.

"அண்ணே, முடிஞ்சுதா? நான் இன்னும் சிலுவையே போட்டு முடிக்கலயே."

"போடு, போடு. அவசரமில்ல" என்றான் செல்லமுத்து, தொப்பியை எடுக்காமல்.